ஸ்டெல்லாவுக்குக் கைராசி கிடையாது

ஸ்டெல்லா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நம் பறவை வளர்ப்போர் குழுவில், யாரோ பழைய கூண்டை விற்கப் போட்டிருந்த படத்துக்குக் கீழே, 'ஸ்டெல்லா அக்கா இன்று காலை மாரடைப்பால் தவறிவிட்டார்' என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். பொம்மையை விட்டு முதலில் ஒரு வார்த்தை எழுதியவர் குழுத் தலைவர் குணா. அவர் எழுதியது இது: "அப்ப டத்தோ யாருக்கு?" இரங்கல் செய்தி பத்து நிமிடம் கழித்து, ரோஜாப்பூப் படத்தோடு வந்தது.

டத்தோ என்றால் அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் யாரும் இல்லை, ஸ்டெல்லாவிடம் இருந்த பறவை. கடையில் காக்கட்டீல் என்பார்கள். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. "கொண்டையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்பான், ஒரு வேலையும் செய்யமாட்டான். வேற என்னா பேரு வைக்கிறது?" என்பார் ஸ்டெல்லா. குணாவுக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் காப்பிக் கடை. வெளிநாட்டுக்காரர்களின் தோளில் கிளியை உட்காரவைத்துப் படம் எடுக்க விடுவார். டத்தோவின் மேல் அவருக்கு ஏன் கண் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது குழுவின் ஆண்டு மலருக்கு நான் நினைவஞ்சலி எழுத வேண்டுமாம். அதே குணாதான் போன் செய்தார். "அண்ணே, நீங்கதான் அவங்களோட ரொம்ப நாள் பழகுனவரு. அக்காவோட கைராசியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே. நல்லா உருக்கமா இருக்கட்டும்லா."

எழுதுகிறேன். ஆனால் ஸ்டெல்லாவுக்குக் கைராசி கிடையாது. எந்தப் பறவையையும் அவர் கையால் பிடித்து நான் பார்த்ததே இல்லை. கைராசி என்பது பொறுமை இல்லாதவர்கள் கண்டுபிடித்த வார்த்தை. ஒருத்தி எட்டு மாதம் வாய் பொத்திக் காத்திருந்ததை அவளுடைய ராசியின் தலையில் கட்டிவிட்டால், எட்டு நாள்கூடக் காத்திருக்காத நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, பாருங்கள். நீங்கள் எல்லாரும் அவருடைய வீட்டுக்கு வந்தவர்கள், அவர் கையால் காப்பி குடித்தவர்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது வீட்டுக்குப் போய்ச் செய்தவர்கள் இருந்தால் கையைத் தூக்குங்கள். நானும் தூக்கப்போவதில்லை.

நானும் அவரும் ஒரே அரசாங்க அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தோம். நான் தலைமைக் கிராணி, அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், எனக்குக் கீழே தட்டச்சு செய்யும் கிராணி. அப்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிராணிகளின் நாற்காலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்பேன். மற்றவர்கள் நடுங்கிக்கொண்டு வேகமாகத் தட்டுவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். ஸ்டெல்லா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவார். நான் நகரும்வரை ஓர் எழுத்து தட்டமாட்டார். "என்னாம்மா, வேலை இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன். "முன்னால வந்து கேளுங்க சார். பின்னால நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது," என்றார். அந்த வருடம் அவரைப் பற்றிய அறிக்கையில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதையும் அழகாகவே எழுதினேன்.

ஸ்டெல்லா வேலையிலிருந்து விலகிய பிறகு கெலுகோரில் இருந்த அவருடைய வரிசை வீட்டுக்குப் பறவைகள் வர ஆரம்பித்தன. வந்தன என்று சொல்லக் கூடாது. ஆசையாக வாங்கி, பயமுறுத்திக் கெடுத்து, பிறகு கொண்டுவந்து தள்ளினார்கள். ஒரு தைப்பூசம் முடிந்த வாரம், தண்ணீர்மலைக் கோவில் பக்கம் வீடு உள்ள ஒருவர் லவ்பேர்ட் கூண்டோடு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். காவடி பார்க்க வரும் கூட்டம் ரசிக்கட்டும் என்று மூன்று நாளும் கூண்டை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு பக்கம் உறுமி, ஒரு பக்கம் ஒலிபெருக்கி, போகிறவன் வருகிறவன் எல்லாம் கம்பிக்குள் விரலை விட்டு ஆட்டியிருக்கிறான்.

"மூலையிலேயே நிக்கிதுக்கா. கூப்புட்டா வர மாட்டேங்குது. எத்தன நாள்ல கைக்கு வரும்?"

"உங்க மாமியாரு உங்ககிட்ட சிரிச்சுப் பேச எத்தன நாளு ஆச்சு?"

அவர் யோசித்துவிட்டு, "அது ஆச்சுக்கா, ஒரு பத்து வருசம்," என்றார்.

"அவங்கள யாரும் வாசல்ல கட்டித் தொங்கவிடல. அதுக்கே பத்து வருசம்."

அந்த மனிதர் சிரித்தார். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவருக்கு உறைக்கவில்லை. வருகிற எல்லாரிடமும் ஸ்டெல்லா ஒன்றைத்தான் சொல்வார்: "மேலேருந்து கைய நீட்டாதீங்க. அதுக்கு மேலேருந்து வர்றது எல்லாம் பருந்துதான்." அதைப் போனில் பதிவு செய்துகொண்டு போவார்கள். மூன்று வாரம் கழித்து, கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சோம்" என்று வந்து நிற்பார்கள்.

மற்றவர்களைச் சொல்லி என்ன? டத்தோவைக் கெடுத்தவனே நான்தான். இது குழுவில் பலருக்குத் தெரியாது. என் மனைவி இறந்த பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், துணைக்கு இருக்கட்டும் என்று அந்தப் பறவையை வாங்கிக் கொடுத்தான். தான் வந்து இருக்க முடியாத இடத்தில் ஒரு பறவை இருந்தால் போதும் என்று அவன் நினைப்பு. கடையிலேயே இறக்கையை வெட்டிவிட்டார்கள். "பிடிச்சுப் பிடிச்சுப் பழக்குங்க அங்கிள், பயம் விட்டுப் போயிரும்," என்றான் கடைக்காரன். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வெள்ளைத் துண்டைப் போட்டுப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். அது அலறும். அலறி அலறி ஓய்ந்துபோய்க் கண்ணைப் பாதி மூடும். பழகிவிட்டது என்று மகனுக்குப் படம் அனுப்பினேன். மூன்றாவது மாதம் அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் தோலோடு கூண்டு மூலையில் நின்றது.

வேறு வழியில்லாமல் ஸ்டெல்லாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். கூண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பழகுன பறவைன்னு ஒண்ணு கிடையாது சார். யாருகிட்ட பழகுச்சுங்கிறதுதான் இருக்கு. உங்ககிட்ட இது பழகல, ஓய்ஞ்சு போச்சு," என்றார். எனக்குக் கோபம் வந்தது. வயதுக்கும் பழைய பதவிக்கும் ஒரு வார்த்தை தணிந்து பேசினால் என்ன என்று நினைத்தேன். அந்தப் பெண்மணிக்குத் தணிந்து பேசவே வராது. ஒரு பறவைக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசியை மனிதருக்குக் காட்டியிருந்தால் இன்னும் நாலு பேர் அவரிடம் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடி, சுவரை ஒட்டி வைத்தார். கூடத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பயற்றங்காய் நறுக்குவார். மாலையில் ஜெபமாலையை வாய்விட்டுச் சொல்வார். அவ்வளவுதான் வைத்தியம். வாரத்துக்கு ஒரு தரைக்கல் தூரம் நாற்காலி முன்னால் நகரும். பறவை கொண்டையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு சீறினால் அன்றைக்கே இரண்டு கல் பின்னால் போய்விடுவார். "அவன் சீறினா தப்பு எம்மேல," என்பார். இறக்கையில் புது இறகு முளைத்ததும், வெட்டிவிடலாமே என்று நான் போய்ச் சொன்னேன். "பறந்து போக முடியாதவன் பக்கத்துல வந்தா அதுல என்னா பெருமை இருக்கு?" என்று கேட்டார். எட்டாவது மாதம் ஒரு நாள் எனக்குப் போன் வந்தது. "டத்தோ இன்னிக்கு மடியில வந்து உக்காந்தான். வச்சிர்றேன்."

மறுநாளே என் பறவையைத் திருப்பிக் கேட்கப் போனேன். பழகிவிட்டதே, இனி எனக்குத்தானே? ஸ்டெல்லா சிரிக்கக்கூட இல்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. அந்த மூலை நாற்காலி உங்களுக்கு. பேப்பர வாய்விட்டுப் படிங்க. ஆபீஸ் கொரலு வேணாம், அதட்டாமப் படிங்க," என்றார்.

இரண்டு வருடம் போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டத்தோ சீறும். நான் மூலையில் உட்கார்ந்து பாமாயில் விலை, பால விபத்து, தாசேக் கெலுகோரில் வெள்ளம் என்று ஒரு பறவைக்குப் பேப்பர் படித்தேன். இருபது பேரை ஆட்டிவைத்த தலைமைக் கிராணி. பல சனிக்கிழமை, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு காடியில் ஏறி வண்டியைக் கிளப்புவேன். அடுத்த சனிக்கிழமை வீட்டில் பேச ஆள் இருக்காது. மறுபடியும் போவேன்.

ஸ்டெல்லா இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் அது நடந்தது. என் நாற்காலி டத்தோவின் கூண்டுக்குப் பக்கத்து மேசைவரை நகர்ந்திருந்தது. நான் படித்துக்கொண்டிருந்தேன், இடது கை மேசைமேல் விரித்துக் கிடந்தது, அதில் நாலு சூரியகாந்தி விதை. டத்தோ மேசைமேல் இறங்கி, நடந்து வந்து, என் உள்ளங்கையில் ஒரு காலை வைத்து ஒரு விதையை எடுத்துக்கொண்டது. அந்தக் கால் சூடாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது: "சார், கண்ணத் தொடைக்காதீங்க. கை அசைஞ்சா போயிடுவான்." என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அவ்வளவு அக்கறையாக ஒரு வார்த்தை சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது.

இனி அடக்கத்தன்று நடந்ததற்கு வருகிறேன். நான் கல்லறைக்கு வரவில்லை என்று உங்களில் பலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. காரணத்தை இப்போது படித்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் பெட்டி இருந்தது. மாதா கோவிலுக்குக் கிளம்பும் நேரம். டத்தோவின் கூண்டைச் சமையல்கட்டில் வைத்து, கதவைச் சாத்தி, யாரும் போக வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்திருந்தேன். குணா போனார். டத்தோவைத் தோளில் ஏற்றிக் கொண்டுவந்து அக்காவுக்குக் கடைசி மரியாதை செய்யவைப்பதாகத் திட்டம். அதைப் படம் பிடிக்க இன்னோர் ஆள், கையில் போனோடு. பழகிய பறவை என்று குழுவே நம்பிக்கொண்டிருந்ததே. குணாவின் தோளில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைத் துண்டு. அதோடு கூண்டைத் திறந்து, மேலேயிருந்து கையை உள்ளே விட்டார்.

அலறல் வாசல்வரை கேட்டது. நான் உள்ளே ஓடுவதற்குள் டத்தோ கூடத்துக்குப் பறந்து வந்து, பெட்டிக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி, சுவரில் மோதி, வாசல் பக்கத் திரைக்கம்பியில் போய் உட்கார்ந்தது. மேலே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் விசிறியை நிறுத்தினேன். "யாருப்பா அது, வேகுதுலா, விசிறியப் போடு!" என்று ஒரு குரல். வாசற்கதவு இரண்டும் திறந்து கிடந்தன. வெளியே மின்கம்பியில் வரிசையாகக் காக்கை, அதற்கப்பால் பெரிய சாலை. வெளியே போனால் அதற்குத் திரும்பி வரத் தெரியாது. பிறந்ததிலிருந்து வெளியைப் பார்க்காத பறவை.

"கதவச் சாத்துங்க!" என்று கத்தினேன்.

ஆறு பேர் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஸ்டெல்லாவின் பெரியப்பா ஒருவர் என்னை முறைத்தார். "பெட்டி கெளம்பிருச்சு. இப்பப் போயி வாசலச் சாத்துறதா? வெளங்குமா இந்த வீடு?"

அந்த வீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் பெட்டிக்குள் இருந்தார். யாருக்காக விளங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவருடைய தம்பி ஜோசப், கோலாலம்பூரிலிருந்து வந்தவர், பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். "பெரியப்பா, ஒரு நிமிசம்," என்றார். பெரியப்பா கேட்கவில்லை. பெட்டி நகர்ந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தத் திரைக்கு அடியில் வந்துவிடும். வந்தால் டத்தோ பறக்கும், பறக்க இருப்பது ஒரே வழி.

ஸ்டெல்லா இருந்திருந்தால் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டு, உட்கார்ந்து ஜெபமாலை சொல்லியிருப்பார். ஒரு மணி நேரம் ஆகட்டும், இரண்டு மணி நேரம் ஆகட்டும். எனக்கு நாலு எட்டுதான் இருந்தது. நான் பேப்பர் படிக்கும் குரலில் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெள்ளம், பாலம், ஏதோ ஒன்று. டத்தோ தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. விறைத்து நின்ற கொண்டை மெதுவாகத் தணிந்தது. அத்தனை கூட்டத்தில் அதற்குத் தெரிந்த முகம் என் முகம் ஒன்றுதான். கம்பியிலிருந்து இறங்கி, எனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

குணாவின் தோளிலிருந்து துண்டை இழுத்தேன். அதன் மேல் போட்டுப் பிடித்தேன்.

அது என்னை நம்பி வந்ததால்தான் என்னால் பிடிக்க முடிந்தது. இதை நீங்கள் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஒத்துக்கொண்டேன். துண்டுக்குள் அது அலறிய அலறல் எனக்குப் பழைய அலறல்தான். மூன்று மாதம் காலையும் மாலையும் கேட்டது. விரலை எலும்புவரை கடித்தது. கடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், கூண்டுக்குள் விட்டு, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். பெட்டி காடியில் ஏறும் சத்தம் கேட்டது. நான் வெளியே வரவில்லை. கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லாவுக்காக அழுதேனா, டத்தோவுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று சாயந்திரம் அந்தப் படம் குழுவில் வந்தது. நான் துண்டை வீசுவது தெளிவாகத் தெரிகிறது. கீழே குணாவின் எழுத்து: 'ஒரே வீச்சு! அக்காவின் கைராசி இனி நம் அண்ணனுக்கு!' ஐம்பது பேர் கைதட்டியிருந்தீர்கள். உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் படித்துப் பார்த்தேன்.

டத்தோவை ஜோசப் என்னிடமே கொடுத்துவிட்டார். குணா போட்டிக்கு வரவில்லை. அலறும் பறவை காப்பிக் கடைக்கு ஆகாது. என் வீட்டுக் கூடத்தில், சுவரை ஒட்டி, மூன்று பக்கம் மூடிய கூண்டில் இப்போது இருக்கிறது. நான் உள்ளே போனால் கோடி மூலைக்குப் போய்விடுகிறது. நெஞ்சு இறகை இன்னும் பிடுங்க ஆரம்பிக்கவில்லை. தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காகப் போன் செய்த அன்று, வைப்பதற்கு முன்னால் குணா விசாரித்தார். "டத்தோ எப்படிண்ணே? கைக்கு வருதா?"

"இல்ல. என்னப் பார்த்தா பயப்படுது."

"அப்புறம் எதுக்குண்ணே வச்சிருக்கீங்க? யாருக்காச்சும் குடுத்துடலாம்லா."

"பயப்படுறதுக்கும் அவனுக்கு ஒரு வீடு வேணும்லா," என்றேன். அவர் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. "ரெண்டு பக்கம்ணே, மறந்துடாதீங்க," என்று வைத்துவிட்டார்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. டத்தோ என் கையில் மறுபடியும் கால் வைக்கும் நாளுக்கு நான் இருப்பேனா என்று தெரியாது. வைக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஓர் உயிர் என்னைப் பார்த்துப் பயந்தால், அதைத் திமிர் என்று சொல்லாமல், அறிக்கையில் எழுதாமல், என் தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு இப்போது தெரிகிறது. ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று காலை தினை வைக்கப் போனேன். டத்தோ கொண்டையை ஒட்டிக்கொண்டு சீறியது. "சரிப்பா," என்று சொல்லிவிட்டு, தினைக்கதிரைக் கூண்டு வாசலிலேயே வைத்துவிட்டுக் கூடத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன்.